குரோமாட்டினை மாற்றும் புரதங்கள் ஸ்டெம் செல்லின் விதியைத் "தீர்மானிக்கின்றனவா"? ஒரு வினைச்சொல் குறித்த ஐயம்

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். முதுகலை உயிரியல் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு பாடக்குறிப்பு எழுதிவருகிறேன். அதில் "குரோமாட்டினை மாற்றும் புரதங்களே ஸ்டெம் செல்லின் விதியைத் தீர்மானிக்கின்றன" என்று ஒரு வாக்கியம் வருகிறது. (ஸ்டெம் செல் என்பது தன்னைப் பெருக்கிக்கொள்ளவும் வேறு வகைச் செல்களாக மாறவும் வல்ல செல்; அது எந்த வகைச் செல்லாகப் போகிறது என்பதையே இங்கே விதி என்கிறேன்.) சென்ற வாரம் வகுப்பில் அதை வாசித்தபோது ஒரு மாணவி எழுந்தார். "ஐயா, பாலிகோம் தொகுதியில் ஈ.ஈ.டி என்னும் புரதத்தை அடியோடு நீக்கிய பின்பும் சுண்டெலியின் கரு ஸ்டெம் செல்கள் தட்டில் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன என்று போன பாடத்தில் நீங்களே சொன்னீர்கள். விதியைத் தீர்மானிக்கும் புரதம் போன பின்பும் ஸ்டெம் செல் ஸ்டெம் செல்லாகவே இருக்கிறது என்றால், அந்தப் புரதம் தீர்மானித்தது எதை?" என்று கேட்டார். மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

துறைக்குப் புதியவர்களும் இங்கே வாசிப்பதால் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனித செல் ஒன்றிலுள்ள டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். சில மைக்ரோமீட்டர் அகலமே உள்ள உட்கருவுக்குள் அது அடங்க வேண்டும் என்பதற்காக, எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளை ஒவ்வொன்றின் மேலும் 147 கார இணைகள் வீதம் சுற்றப்பட்டிருக்கிறது. டி.என்.ஏ.வும் இந்தப் புரதங்களும் சேர்ந்த கட்டுதான் குரோமாட்டின். ஹிஸ்டோன்களின் வால்கள் இந்த உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வால்களில் சில நொதிகள் மீத்தைல், அசிட்டைல் போன்ற சிறு குழுக்களை ஒட்டுகின்றன. சில நொதிகள் அவற்றைக் கழற்றுகின்றன. வேறு சில புரதங்கள் ஒட்டியிருப்பதைக் கண்டு வந்து அமர்கின்றன. எச்3 ஹிஸ்டோனின் வாலில் 27ஆம் இடத்திலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தில் மூன்று மீத்தைல் ஏறியிருந்தால் அங்குள்ள மரபணு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். இதை ஏற்றுவது பாலிகோம் இரண்டாம் தொகுதி. மீத்தைலை ஒட்டும் நொதியான இ.இசட்.எச்.2, அதற்குத் துணைநிற்கும் ஈ.ஈ.டி, சூஸ்12 ஆகியவை அதன் முதன்மை உறுப்புகள். அதே ஹிஸ்டோனின் 4ஆம் லைசினில் மூன்று மீத்தைல் ஏறுவது இயங்கும் மரபணுக்களின் தொடக்கத்தில் காணப்படுவது. அது டிரைதோராக்ஸ் வழிவந்த நொதிகளின் வேலை. இழை முழுவதும் இவற்றைக் கே27 குறி, கே4 குறி என்றே அழைப்போம்.

என் கேள்வி இதுதான்: அந்த வாக்கியத்தில் "தீர்மானிக்கின்றன" என்ற சொல் நிற்குமா? நிற்காது என்றால் அந்த இடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது?

பழஈக்காரன்

தாராளமாக நிற்கும். உங்கள் மாணவி கேட்டது நல்ல கேள்வி. ஆனால் அவர் தட்டில் வளரும் செல்லைப் பார்த்துக் கேட்கிறார். உடலைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

இந்தப் புரதங்களின் பெயரே ஒரு விதி மாற்றத்திலிருந்து வந்தது. ஆண் பழ ஈயின் முதல் இணைக் கால்களில் மட்டும் கருமையான முள்வரிசை ஒன்று சீப்புப் போல இருக்கும். புணர்ச்சியின்போது பெண்ணைப் பற்றிக்கொள்ள அது உதவுகிறது. நுண்நோக்கியின் கீழ் ஆணையும் பெண்ணையும் பிரிக்கும்போது நாங்கள் பார்க்கும் அடையாளங்களுள் அதுவும் ஒன்று. பமேலா லூயிஸ் 1947இல் விவரித்த பிறழ்வு ஈக்களில் இந்தச் சீப்பு இரண்டாம், மூன்றாம் இணைக் கால்களிலும் முளைத்திருந்தது. பல சீப்புகள் என்பதே பாலிகோம் என்ற பெயரின் பொருள். பின்னிணைக் கால் தன்னை முன்னங்கால் என்று எண்ணிக்கொள்கிறது. இதைவிடத் தெளிவான விதி மாற்றம் வேறென்ன வேண்டும்? எட்வர்ட் லூயிஸ் 1978இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், உடலின் எந்தக் கண்டம் எதுவாக வேண்டும் என்று சொல்லும் ஹாக்ஸ் மரபணுக்களைத் தவறான இடத்தில் எழும்ப விடாமல் அடக்கிவைப்பது பாலிகோம் என்று விளக்கினார்.

"அந்தப் புரதம் வேறு ஏதாவது செய்து தொலைத்திருக்கலாம், குறிக்கும் விதிக்கும் தொடர்பில்லை" என்று சொல்லவும் வழியில்லை. பழ ஈயில் ஹிஸ்டோன் மரபணுக்கள் சுமார் 100 பிரதிகளாக ஒரே இடத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. 2013இல் யூர்க் முல்லரின் குழு அந்த அடுக்கையே நீக்கிவிட்டு, 27ஆம் இடத்தில் லைசினுக்குப் பதிலாக ஆர்ஜினின் உள்ள எச்3 மட்டும் கிடைக்குமாறு செய்தது. நொதி முழுமையாக இருக்கிறது, ஒட்டுவதற்கு இடம்தான் இல்லை. அந்தச் செல்களில் ஹாக்ஸ் மரபணுக்கள் எழும்பிய விதம் பாலிகோம் நொதியே இல்லாத செல்களில் எழும்புவதைப் போலவே இருந்தது. ஆகவே குறி முக்கியம், குறியை இடும் புரதமும் முக்கியம்.

ஆய்வுமேசை

பழஈக்காரர் சொன்ன தகவல்கள் அனைத்தும் சரி. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் எனக்கு இடிக்கிறது.

முன்னங்காலில் சீப்பு வேண்டும் என்று முதலில் சொல்வது எது? கருவின் தொடக்க மணிநேரங்களில் தோன்றி மறையும் படியெடுப்புக் காரணிகள், அதாவது டி.என்.ஏ.வில் அமர்ந்து மரபணுக்களை எழுப்பும் அல்லது அணைக்கும் புரதங்கள். அவை மறைந்த பின்பு, சொன்ன சொல் காற்றில் போய்விடாமல் பிடித்துவைப்பது பாலிகோம். பாலிகோம் இல்லாத கருவிலும் ஹாக்ஸ் மரபணுக்கள் முதலில் சரியான இடங்களில்தான் எழும்புகின்றன. எல்லை கலைவது அதற்குப் பிறகு. தீர்ப்பு எழுதுபவர் ஒருவர், அதைக் காப்பவர் இன்னொருவர். காவலரை நீதிபதி என்று அழைக்க முடியாது.

நான் சுண்டெலியின் கரு ஸ்டெம் செல்களை வளர்ப்பவன். மாணவி சொன்னது உண்மை. ஈ.ஈ.டி இல்லாத செல்களும், சூஸ்12 இல்லாத செல்களும் தட்டில் பெருகும். மேடிட்டு, விளிம்பு பளபளக்கும் கூட்டங்களாகவே இருக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. வேறுபாடு தெரிவது, செல்களை ஸ்டெம் செல் நிலையிலேயே வைத்திருக்கும் எல்.ஐ.எஃப் புரதத்தை ஊடகத்திலிருந்து எடுத்துவிட்டு, பெட்ரித் தட்டின் மூடியில் சிறு சொட்டுகளாகத் தொங்கவிட்டு, அவற்றைக் கருவைப் போன்ற உருண்டைகளாக வளர விடும்போதுதான். இயல்பான செல்களில் ஒரு வாரம், பத்து நாளில் சில உருண்டைகளில் இதயத் தசை துடிக்கத் தொடங்கும். முதன்முறை பார்க்கும் மாணவர்கள் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருந்ததில்லை. பாலிகோம் இழந்த செல்களோ எல்லாத் திசைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் போகும், எதிலும் முழுமையாகச் சென்று சேராது. ஸ்டெம் செல்லுக்குரிய மரபணுக்களும் சரியாக அணையாது. முழுக் கருவில் இ.இசட்.எச்.2 இல்லையென்றால் அது கருவடுக்குகள் உருவாகும் கட்டத்தையொட்டியே இறந்துவிடும்.

என் பார்வையில் மாணவியின் கேள்விக்கு விடை இது: ஸ்டெம் செல்லாக இருப்பதற்குச் சுண்டெலிச் செல்லுக்குப் பாலிகோம் தேவையில்லை, ஸ்டெம் செல்லாக இருப்பதை விட்டு ஒழுங்காக வெளியேறுவதற்குத் தேவை.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மனிதக் கரு ஸ்டெம் செல்கள் இதில் வேறு மாதிரி. வழக்கமாக நாம் வளர்க்கும், கருவளர்ச்சியில் சற்றுப் பிந்திய நிலையை ஒத்த மனிதச் செல்களில் பாலிகோமை எடுத்தால் தன்னைப் புதுப்பிக்கும் திறனே குலைகிறது என்று 2016, 2017ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. ஆகவே பாடக்குறிப்பில் "சுண்டெலி" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

எண்ணும் எழுத்தும்

தரவு பார்ப்பவன் என்ற முறையில் இருமுகக் குறியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. 2006இல் பெர்ன்ஸ்டைன் முதலானோர் சுண்டெலிக் கரு ஸ்டெம் செல்களில் ஒரு வியப்பைக் கண்டார்கள். வளர்ச்சியை இயக்கும் முக்கிய மரபணுக்கள் பலவற்றின் தொடக்கத்தில், எழுப்பும் குறியான கே4, அடக்கும் குறியான கே27 இரண்டுமே சேர்ந்து இருந்தன. அதே ஆண்டு வேறொரு குழுவும் இதையே சொன்னது. மரபணு அடங்கியும் இருக்கிறது, ஆயத்தமாகவும் இருக்கிறது. செல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்குரிய குறி நிற்க மற்றது உதிர்கிறது என்று விளக்கம் தரப்பட்டது. அழகான கதை. எல்லாப் பாடநூல்களிலும் ஏறிவிட்டது.

ஆனால் கதையைச் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். அந்த இருமுக இடங்களில் கே4 குறியை இடுவது எம்.எல்.எல்.2 என்ற நொதி என்று ஷிலாடிஃபார்ட் குழு 2013இல் கண்டறிந்தது. அந்த நொதியைக் குறைத்தபோது இருமுக இடங்களில் கே4 குறி போய்விட்டது. ஆயத்தக் கதை முழு உண்மையானால், ஸ்டெம் செல்லை வேறு வகைச் செல்லாக மாறத் தூண்டும் ரெட்டினோயிக் அமிலத்தைக் கொடுக்கும்போது அந்த மரபணுக்கள் எழும்பத் திணற வேண்டும். குறிப்பிடத்தக்க திணறல் எதுவும் தெரியவில்லை. அவை ஏறக்குறைய வழக்கம்போலவே விரைந்து எழும்பின. மேலும், இரண்டு தடுப்பு மருந்துகள் சேர்த்த "2ஐ" ஊடகத்தில் வளரும் செல்களில், மரபணுத் தொடக்கங்களில் கே27 குறி வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று 2012இல் ஒரு கட்டுரை வந்தது. அந்தச் செல்கள்தான் எந்தத் திசையிலும் செல்லத் தயக்கமில்லாத தூய ஸ்டெம் செல்கள் என்று பெயர் பெற்றவை! இருமுகக் குறி இல்லாமலே இவ்வளவும் நடக்கிறது என்றால், அதைத் தீர்மானிக்கும் பொறி என்று சொல்வது மிகை.

ஆய்வுமேசை

எம்.எல்.எல்.2 பற்றிச் சொன்னது சரி. "2ஐ" பற்றிச் சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அந்தக் காலத்தில், குறி உள்ள டி.என்.ஏ. துண்டுகளைப் பிரித்து வரிசையறிந்து, ஒவ்வோர் இடத்துக்கும் மொத்தத்தில் எத்தனை பங்கு என்று வரைபடம் போடுவதே வழக்கம். எல்லா இடத்திலும் குறி கூடினால் அது வரைபடத்தில் தெரியாது; குவிந்திருந்த இடங்கள் மட்டும் குள்ளமாகிவிட்டதாகத் தோன்றும். ஊர் முழுவதும் வெள்ளம் வந்தால் குளத்தின் கரை தெரியாமல் போவதைப் போல. பின்னர், அளவு ஒப்பீட்டுக்கு வழியுள்ள முறைகளால் 2019இல் மீண்டும் அளந்தபோது, "2ஐ" செல்களில் கே27 குறி மொத்தத்தில் அதிகமாகி மரபணுத்தொகை முழுவதும் பரவியிருக்கிறது என்றும், இருமுக இடங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன என்றும் தெரிந்தது. அளவுகோலை நம்பி ஒரு கொள்கையைக் கட்டினோம், பின்பு இடித்தோம்.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. நானே ஆறு மாதங்களை, குறியைப் பிடித்துக் காட்டப் பயன்படும் எதிர்ப்புரதத்தின் ஒரு மோசமான குப்பியிடம் இழந்தவன். முந்தைய தொகுப்பில் பளிச்சென்று வேலை செய்த பொருள், புதிய தொகுப்பில் ஒரு மீத்தைல், இரண்டு மீத்தைல், மூன்று மீத்தைல் எல்லாவற்றையும் ஒன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தது. விற்ற நிறுவனம் அடுத்த குப்பியை அனுப்பியது, என் ஆறு மாதங்களை அனுப்பவில்லை.

வரப்போரம்

செடிகளைப் படிப்பவன். இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வினைச்சொல்லுக்கு முன்னால் பெயர்ச்சொல்லையே கவனிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. "விதி" என்று எழுதியவுடன் நம் வாசகர் மனத்தில் தலையெழுத்துதான் வந்து நிற்கும். அழிக்க முடியாதது, முன்பே எழுதப்பட்டது. இங்கே பேசப்படுவதோ ஹிஸ்டோனின் வாலில் எழுதப்படுவது, எழுதியபின் அழிக்கவும் படுவது. தலையெழுத்து என்று படிப்பவரிடம் இது வாலெழுத்து என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

செடியிலும் இதே பாலிகோம்தான். அரபிடாப்சிஸ் செடியில் பூப்பதைத் தடுக்கும் எஃப்.எல்.சி மரபணுவை நீண்ட குளிர் சிறிது சிறிதாக அணைக்கிறது. கே27 குறி அங்கே ஏறுகிறது. வெயில் திரும்பிய பின்பும் குறி நிற்கிறது, செடி பூக்கிறது. ஒவ்வொரு செல்லும் முழுவதுமாக அணைகிறது அல்லது அணையாமல் இருக்கிறது, பாதி அணைப்பு என்பது இல்லை என்று கரோலின் டீனும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் காட்டினார்கள். குளிரின் நீளத்துக்கு ஏற்ப அணைந்த செல்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது. பூக்கலாம் என்று முடிவெடுத்தது குளிரா பாலிகோமா என்று கேட்டால், நான் குளிர் என்பேன். குளிர் போன பின்பும் அதை நினைவில் வைத்திருந்தது பாலிகோம் என்பேன்.

கடைசி பெஞ்ச்

வணக்கம். கரும்பலகை ஐயாவின் வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான்தான். இழையின் சுட்டியை ஐயாதான் அனுப்பினார்.

காவலர் என்ற ஒப்புமை எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. காவலரின் வேலை எந்த வேளையிலும் ஒன்றுதானே? ஆனால் சுண்டெலியின் பெருமூளைப் புறணியைப் பற்றி நான் படித்த இரண்டு ஆய்வுகள் எதிரெதிராக இருக்கின்றன. அங்குள்ள ஸ்டெம் செல்கள் முதலில் தம்மைப் பெருக்கிக்கொள்கின்றன, பின்பு நரம்புச் செல்களைத் தருகின்றன, கடைசியில் நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளைத் தருகின்றன. நரம்புச் செல் உண்டாகும் கட்டம் தொடங்கும் முன்பே இ.இசட்.எச்.2ஐ நீக்கினால் எல்லாம் அவசரமாக நடக்கிறது. பெருக வேண்டிய செல்கள் பெருகாமல் முன்கூட்டியே நரம்புச் செல்லாகிவிடுவதால் கடைசியில் நரம்புச் செல்களின் மொத்த எண்ணிக்கையே குறைகிறது என்கிறது 2010ஆம் ஆண்டு ஆய்வு. நரம்புச் செல் உண்டாகிக்கொண்டிருக்கும் கட்டத்தில் பாலிகோமை நீக்கினால் அந்தக் கட்டம் முடியாமல் நீள்கிறது, ஆஸ்ட்ரோசைட்டுகள் தாமதமாகின்றன என்கிறது 2009ஆம் ஆண்டு ஆய்வு. ஒரே தொகுதி, ஒரே உறுப்பு, ஒரு முறை வேகம், ஒரு முறை தாமதம். இதில் எதை நம்புவது?

எண்ணும் எழுத்தும்

இரண்டையும் நம்பலாம். இரண்டு ஆய்வுகளிலும் நீக்கியது மரபணுக்களை அடக்கும் வேலையைத்தான். முதல் கட்டத்தில் அடக்கி வைக்கப்பட்டிருந்தவை நரம்புச் செல்லாக மாறும் கட்டளைகள். ஆகவே அவை முன்கூட்டியே வெளிவந்தன. அடுத்த கட்டத்தில் அடக்கப்பட வேண்டியவை அதே நரம்புச் செல் கட்டளைகள்தாம், ஏனென்றால் அவை ஓய்ந்தால்தான் அடுத்தவை வர முடியும்; அடக்க ஆளில்லாததால் அவை நீடித்தன. பூட்டு ஒன்றே, ஆனால் எந்த அறையில் எப்போது தொங்குகிறது என்பது மாறுகிறது.

ஆகவே கால அளவை இந்தப் புரதங்கள் தீர்மானிக்கின்றன என்று நான் தயங்காமல் எழுதுவேன். மனித நரம்புச் செல்கள் முதிர்ச்சியடைய மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் ஆவதற்குக் குரோமாட்டினில் உள்ள ஒரு தடையே பெருங்காரணம் என்று ஸ்டூடர் குழு 2024இல் காட்டியது. முன்னோடிச் செல் நிலையிலேயே இ.இசட்.எச்.2 போன்ற நொதிகளைச் சில நாள் தடுத்தால், பின்பு பிறக்கும் நரம்புச் செல்கள் விரைவாக முதிர்கின்றன.

ஆய்வுமேசை

கடைசி பெஞ்ச் அவர்களுக்கு: உங்கள் கேள்விக்கு மிகக் கூர்மையான விடை ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவிடம் இருக்கிறது. சி. எலிகன்ஸ் புழுவில் சுவை உணரும் ஒரு நரம்புச் செல்லை உருவாக்கும் படியெடுப்புக் காரணியின் பெயர் சீ-1. அதை உடலெங்கும் வலிந்து உண்டாக்கினாலும் இனச்செல்கள் அசைவதில்லை. ஆலிவர் ஹோபர்ட்டின் ஆய்வகத்தில் 2011இல், ஹிஸ்டோனோடு ஒட்டும் லின்-53 என்ற புரதத்தைக் குறைத்துவிட்டுச் சீ-1ஐக் கொடுத்தார்கள். இனச்செல்கள் நரம்புச் செல்களாயின. உருவமும் மாறியது, நீட்சிகளும் முளைத்தன. லின்-53ஐ மட்டும் குறைத்துச் சீ-1ஐக் கொடுக்காமல் விட்டால் அந்த நரம்புச் செல் வருவதில்லை. அடுத்த ஆண்டே, பாலிகோம் இரண்டாம் தொகுதியைக் குறைத்தாலும் இவ்வாறே நடக்கிறது என்று காட்டினார்கள்.

திசையைச் சொன்னது சீ-1. அந்தத் திசைக்குக் கதவு திறந்திருக்கிறதா என்பதைச் சொன்னது குரோமாட்டின். யாமனாக்கா 2006இல் நான்கு காரணிகளைக் கொடுத்துத் தோல் செல்லை ஸ்டெம் செல் நிலைக்குப் பின்னோக்கி நடத்தியதிலும் இதே கணக்குதான். நான்கும் இருந்தும் மிகச் சில செல்களே மாறின; ஹிஸ்டோன் அசிட்டைலைக் கழற்றும் நொதிகளைத் தடுக்கும் வால்புரோயிக் அமிலத்தைச் சேர்த்தபோது மாறிய செல்களின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. 2015இல் ஹிஸ்டோன்களை டி.என்.ஏ.வில் அமர்த்தும் காஃப்-1 தொகுதியைக் குறைத்தபோதும் அவ்வாறே. வால்புரோயிக் அமிலத்தை மட்டும் ஊற்றித் தோல் செல்லை யாரும் ஸ்டெம் செல் ஆக்கியதில்லை.

வார்டு நேரம்

மருத்துவப் பக்கத்திலிருந்து ஒரு பதிவு. குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும், அறுவை செய்ய முடியாத ஒரு வகைக் கட்டி இருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் எச்3 ஹிஸ்டோனின் அதே 27ஆம் லைசின் மெத்தியோனினாக மாறியிருக்கிறது என்று 2012இல் தெரிந்தது. பழஈக்காரர் சொன்ன சோதனையில் அத்தனை பிரதிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. இங்கே மனிதரின் பல எச்3 மரபணுக்களுள் ஒன்றின் ஒரு பிரதி மாறினாலே போதும்; அந்த மாறிய ஹிஸ்டோன் பாலிகோம் நொதியையே முடக்கிவிடுவதால், நல்ல ஹிஸ்டோன்களிலும் கே27 குறி வீழ்கிறது. கட்டியின் செல்கள் மூளையின் முன்னோடிச் செல் நிலையிலேயே சிக்கி, முதிராமல் பெருகுகின்றன. ஆய்வுமேசை சொன்ன "ஒழுங்காக வெளியேற முடியாத ஸ்டெம் செல்" எங்களுக்கு ஓர் எட்டு வயதுக் குழந்தையின் ஸ்கேன் படமாக வந்து சேர்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சில லிம்ஃபோமாக்களில் (நிணநீர்ப் புற்றுநோய்களில்) இ.இசட்.எச்.2 அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அதைத் தடுக்கும் டாஸெமெட்டோஸ்டாட் மருந்துக்கு 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதே நொதி வேலை செய்யாமல் போவது வேறு சில ரத்தப் புற்றுநோய்களில் காணப்படுகிறது. நல்ல புரதம், கெட்ட புரதம் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பழஈக்காரன்

எல்லாரும் சேர்ந்து என் பாலிகோமைக் காவலர் வேலைக்கு இறக்கிவிட்டீர்கள். காவலர் வேலை என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காவலர் சிறிது நேரம் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

கவாலியின் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு இது. மரபணுக்களை அடக்கும் இன்னொரு பாலிகோம் தொகுதி உண்டு, அதன் பெயர் முதல் தொகுதி. பழ ஈயின் இளம்புழுவில் அதன் ஓர் உறுப்பைக் குறுகிய காலத்துக்கு மட்டும் குறைத்தார்கள். பிறகு அது இயல்பான அளவுக்குத் திரும்பவும் விட்டார்கள். டி.என்.ஏ.வில் பிறழ்வு ஏதும் ஏற்படுத்தவில்லை. காவலர் திரும்பி வந்துவிட்டார், ஆனால் திசுக்களில் கட்டிகள் உண்டாகி வளர்ந்துகொண்டே இருந்தன. அந்தச் செல்கள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. படியெடுப்புக் காரணி எதையும் யாரும் வெளியிலிருந்து கொடுக்கவும் இல்லை. விதியை மாற்றியது பாலிகோமின் இல்லாமை ஒன்றே. இதைத் தீர்மானம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வீர்கள்?

ஆய்வுமேசை

வலுவான எடுத்துக்காட்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கட்டி எந்தத் திசையில் சென்றது என்பதை, அடக்கம் நீங்கியவுடன் தானே எழும்பிய சமிக்ஞைப் பாதைகளும் காரணிகளும்தாம் முடிவு செய்தன. அவை ஒருமுறை எழும்பித் தம்மைத் தாமே தாங்கத் தொடங்கிவிட்டால் பாலிகோம் திரும்பி வந்தாலும் இடம் கிடைப்பதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு சோதனையையும் பக்கத்தில் வையுங்கள். சுண்டெலிக் கரு ஸ்டெம் செல்லில் பாலிகோம் இரண்டாம் தொகுதியை முற்றிலும் நீக்கி, கே27 குறி ஒன்றுகூட இல்லாத நிலையை உண்டாக்கிவிட்டு, பின்பு விடுபட்ட உறுப்பை மீண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் இரண்டு குழுக்கள் செய்தன. பழைய குறி எதுவும் வழிகாட்ட இல்லாதபோதும், குறி பழைய இடங்களிலேயே மீண்டும் ஏறியது. அதாவது, எங்கே எழுத வேண்டும் என்ற செய்தி குறியில் மட்டும் இல்லை, டி.என்.ஏ.யின் வரிசையிலும், எந்த மரபணு இயங்குகிறது எது இயங்கவில்லை என்ற நிலவரத்திலும் இருக்கிறது.

பழஈக்காரன்

அது ஸ்டெம் செல், நண்பரே. அங்கே அந்த மரபணுக்கள் பெரும்பாலும் எழும்பவே இல்லை, ஆகவே குறி திரும்பி வர இடம் இருந்தது. ஏற்கெனவே ஒரு பாதையில் சென்றுவிட்ட செல்லில் நிலைமை வேறு. பாலிகோமைத் தற்காலிகமாக இழந்த பாலூட்டிச் செல்களில் சில மரபணுக்கள் எழும்பி, பாலிகோம் திரும்பிய பின்பும் அடங்க மறுத்ததை 2021இல் காட்டியிருக்கிறார்கள். ஈயிலும் 2017இல் இரண்டு குழுக்கள் இதை அளந்தன. பாலிகோம் வந்து அமரும் டி.என்.ஏ. துண்டை வெட்டி எடுத்தவுடன் குறி மறையவில்லை. ஒவ்வொரு செல் பிரிவிலும் மகள் செல்களுக்குப் பங்கிடப்பட்டு, மோரில் நீர் ஊற்ற ஊற்ற நீர்த்துப்போவதைப் போலக் குறைந்தது. நீர்த்துப் போகும் வரை அந்த மரபணு அடங்கியே இருந்தது. குறி ஓரளவுக்கு நினைவைத் தானே சுமக்கிறது. முழு நினைவுக்கு டி.என்.ஏ.யின் துணையும் வேண்டும். இந்த அளவில் நான் இறங்கி வருகிறேன்.

கடைசி பெஞ்ச்

இறங்கி வர வேண்டாம் ஐயா, உங்கள் பக்கத்துக்கு ஒரு சாட்சி கொண்டுவந்திருக்கிறேன். கருவின் அகவடுக்கில் ஒரே இடத்துச் செல்கள் கல்லீரலாகவும் போகலாம், கணையமாகவும் போகலாம். முடிவெடுக்கும் முன்பே அந்தச் செல்களில் கல்லீரல் மரபணுக்களில் ஒரு வகைக் குறியும், கணைய மரபணுக்களில் வேறு வகைக் குறியும் இருக்கின்றன என்று ஸாரெட் குழு 2011இல் காட்டியது. அங்கே இ.இசட்.எச்.2ஐ நீக்கினால் கணையத்தின் பக்கம் போகும் செல்கள் கூடுகின்றன. இரண்டு வழிகளில் ஒன்றில் மட்டும் பாலிகோம் தடை வைத்திருக்கிறது என்றால், அது திசையையும் கொஞ்சம் தீர்மானிக்கத்தானே செய்கிறது? காவலர் என்றால் இரண்டு வாசலிலும் நிற்க வேண்டும்; ஒரு வாசலில் மட்டும் நின்றால் அவர் கூட்டத்தை மற்ற வாசலுக்கு அனுப்புகிறார் என்றுதானே பொருள்?

ஆய்வுமேசை

ஒரு வாசலில் மட்டும் நிற்கும் காவலர். இதற்கு என்னிடம் உடனடி மறுப்பு இல்லை. வாசலில் அவரை நிறுத்தியது யார் என்று கேட்டுத் தப்பிக்கலாம், ஆனால் அது நேர்மையாகாது.

கரும்பலகை

அனைவருக்கும் நன்றி. வாக்கியத்தை இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: "எந்தத் திசையில் செல்வது என்ற முதற்சொல்லைப் பெரும்பாலும் படியெடுப்புக் காரணிகளும் வெளிச் சமிக்ஞைகளும் சொல்கின்றன, அந்தச் சொல்லைக் கேட்கும் நிலையில் செல் இருக்கிறதா, எப்போது கேட்கும், கேட்டபின் எத்தனை செல் பிரிவுகளுக்கு மறக்காமல் இருக்கும் என்பவற்றைக் குரோமாட்டினை மாற்றும் புரதங்கள் தீர்மானிக்கின்றன, சில சந்திப்புகளில் ஒரு வழியை மட்டும் அடைத்துவைப்பதன் மூலம் அவை திசையையும் சாய்க்கின்றன."

"தீர்மானிக்கின்றன" என்ற சொல் நின்றுவிட்டது, பழஈக்காரருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். "விதி" போய்விட்டது, வரப்போரத்தின் வாலெழுத்தை முதல் பத்தியில் சேர்த்துக்கொண்டேன்.

கடைசி பெஞ்ச்

தேர்வில் இதை எழுதினால் கை வலிக்கும், ஐயா. ஆனாலும் ஏற்கிறேன்.

எனக்கு ஒரு நடைமுறைக் கேள்வி. அடுத்த பருவத் திட்டப்பணியில், கரு ஸ்டெம் செல்களில் இ.இசட்.எச்.2 தடுப்பு மருந்தைக் கொடுத்து, பிறகு கழுவி எடுத்து, குறி எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்று பார்க்க நினைக்கிறேன். முன்னோட்டமாகச் செய்து பார்த்தபோது, மருந்து கொடுத்த 24 மணி நேரத்தில் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து எதிர்ப்புரதத்தால் கண்டறியும் சோதனை) கே27 பட்டை கொஞ்சம்தான் மங்கியிருந்தது. மருந்து வேலை செய்யவில்லையா?

ஆய்வுமேசை

மருந்து வேலை செய்திருக்கும். நொதியைத் தடுத்தாலும் ஏற்கெனவே ஏறிய மீத்தைல்கள் உடனே கழன்றுவிடாது. பழஈக்காரர் சொன்ன மோர்க் கணக்குதான் இங்கும். செல்கள் பிரியப் பிரியக் குறையும். நான்காம் நாள் வரை தினமும் மாதிரி எடுத்து வையுங்கள். செல் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள், பிரிவு எத்தனை நடந்தது என்பது தெரியாமல் பட்டையை மட்டும் பார்த்துப் பயனில்லை. மொத்த எச்3 பட்டையை ஒப்பீட்டுக்கு வைக்க மறக்க வேண்டாம். இன்னொன்று, எச்3 வெறும் 15இலிருந்து 17 கிலோ டால்டன் எடைதான். நான் முதன்முறை 8 விழுக்காடு ஜெல்லில் ஓட்டிவிட்டுப் பட்டையைக் காணோமே என்று மாலை முழுவதும் தேடினேன்; அது அடியில் இறங்கித் தாங்கல் கரைசலோடு போய்விட்டிருந்தது. 15 விழுக்காடு ஜெல் ஊற்றுங்கள்.